மருந்தைக் கொடுத்த பிறகுதான் வேலை: டர்பன் மருந்தாளுநர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட், மெரிபேங்க் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கெமிஸ்ட் கடை இருக்கும். ஆர்.கே. கான் அரசு மருத்துவமனையின் வரிசையில் நிற்க முடியாதவர், மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீடு இல்லாதவர், டாக்டரைப் பார்க்கலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாதவர், எல்லோரும் முதலில் வந்து நிற்பது அங்கேதான். அப்பாயின்ட்மென்ட் வேண்டாம். கேட்பதற்குக் காசும் வேண்டாம்.

இப்போது அந்தக் கடையிலேயே தடுப்பூசி போடுகிறோம், பிரஷர், சுகர் பார்க்கிறோம், எச்ஐவி பரிசோதனை செய்கிறோம். தனிப் பயிற்சி முடித்து அனுமதி வாங்கியவர்கள் சில நோய்களுக்குத் தாங்களே மருந்து எழுதிக் கொடுக்கவும் செய்கிறார்கள். பொறுப்பு கூடுவது நல்லதுதான். ஆனால் பலரும் படிப்பு, சான்றிதழ், ஊசி என்று அந்த முனையிலிருந்து தொடங்குகிறார்கள். என் கருத்தில் அது தலைகீழ் வரிசை. சுகர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று ஒருவரிடமிருந்து உண்மையான பதிலை வாங்கத் தெரியாத மருந்தாளுநருக்கு, எச்ஐவி பற்றிப் பேசும்போது உண்மை கிடைக்காது. அதனால் இந்த வழிகாட்டி முதலில் பேச்சிலிருந்து தொடங்குகிறது. புதிய பொறுப்புகள் அதற்கு அப்புறம்.

இன்னொன்று. தென்னாப்பிரிக்க விதிகள் மருந்து வழங்குவதை மூன்று கட்டமாகப் பிரிக்கின்றன. மருந்துச் சீட்டைப் படித்துச் சரிபார்ப்பது முதலாவது, மருந்தை எடுத்து லேபிள் ஒட்டுவது இரண்டாவது, எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று நோயாளிக்கு விளக்குவது மூன்றாவது. மூன்றாவது கட்டம் நடக்காவிட்டால் மருந்து வழங்கி முடியவில்லை என்றுதான் அர்த்தம். கூட்டம் அதிகம் என்ற காரணத்தால் விட்டுவிடக்கூடிய உபரி வேலை அல்ல அது.

படி 1: பேச ஓர் இடம், பேச ஒரு நேரம்

கவுன்டரின் ஒரு ஓரத்தைத் தடுப்பு வைத்துப் பிரித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தனி அறை இருந்தால் அதில் பெட்டிகளை அடுக்காதீர்கள். மாதத் தொடக்கத்தில் அரசு மானியப் பணம் வரும் நாட்களில் கூட்டம் நெரியும். அந்த நாட்களில் மாதாமாதம் வாங்கும் ரிப்பீட் மருந்துகளை முந்தைய நாளே தயார் செய்து வைத்துவிட்டால், கவுன்டரில் மிச்சமாகும் நேரம் பேச்சுக்குக் கிடைக்கும்.

படி 2: முன்னால் நிற்பவர் யார்?

நம் வீடுகளில் மருந்து சாப்பிடுபவர் ஒருவர், வாங்க வருபவர் இன்னொருவர். ஆயாவின் மருந்தைப் பேரன் வேலை முடிந்து வரும் வழியில் வாங்கிப் போவான். அவனிடம் ஐந்து நிமிடம் விளக்கினாலும் வீட்டுக்குப் போய்ச் சேர்வது "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்பது மட்டும்தான். பைக்குள் தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள். புது மருந்தாக இருந்தால் ஆயாவையே போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். மூன்று நிமிடம்தான் ஆகும்.

வயதானவர்களிடம் ஆன்ட்டி, அங்கிள், ஆயா, தாத்தா என்று அவர்கள் வீட்டில் பழகிய முறை வைத்தே பேசலாம். தமிழ் முழுதாகத் தெரியாத வீடுகளில்கூட அந்த ஒரு சொல்லுக்கு முகம் மலரும். ஜூலு பேசும் நோயாளிகளுக்கும் இதே மரியாதை உண்டு. பாட்டி வயதுப் பெண்ணை கோகோ என்றும், அப்பா வயது ஆணை பாபா என்றும் அழையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை என்பதற்கு 'கபிலி ங்கோசுகு', மூன்று முறைக்கு 'கதாது ங்கோசுகு' என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போகும் பேச்சுக்கு ஜூலு நன்றாகத் தெரிந்த ஊழியரைக் கூப்பிடுங்கள். அரைகுறை மொழியில் மருந்தளவு சொல்வது ஆபத்து.

கூட வந்த மகளையோ மருமகளையோ மொழிபெயர்க்க வைக்கும்போது கவனம் வேண்டும். மாமியாரின் மலச்சிக்கல், மாமனாரின் சிறுநீர்ப் பிரச்சினை எல்லாம் அந்த வழியாக முழுதாக வராது. கண்ணை நோயாளியின் மேல் வைத்து, கேள்வியை அவரிடமே கேளுங்கள்.

படி 3: மூன்று கேள்விகள்

புது மருந்து கொடுக்கும்போது சொற்பொழிவைத் தொடங்க வேண்டாம். முதலில் இந்த மூன்றைக் கேளுங்கள்: இந்த மருந்து எதற்கு என்று டாக்டர் சொன்னார்? எப்படிச் சாப்பிடச் சொன்னார்? சாப்பிட்டால் என்ன ஆகும் என்று சொன்னார்? உலகெங்கும் மருந்தாளுநர்கள் பயன்படுத்தும் முறை இது. நோயாளிக்கு ஏற்கெனவே தெரிந்ததை நீங்கள் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, விட்டுப்போனதை மட்டும் நிரப்பினால் போதும்.

கவுன்டரில் அது இப்படித்தான் போகும்:

"ஆயா, இந்தப் புது மாத்திரை எதுக்குன்னு டாக்டர் சொன்னாரு?"

"சுகருக்குதான்."

"எப்படி சாப்பிடச் சொன்னாரு?"

"காலையில ஒண்ணு. ஆனா நான் காலையில ஒண்ணும் சாப்பிட மாட்டேனே, ஒரு டீதான். பதினோரு மணிக்குதான் சாப்பாடு."

கிளிக்லசைடு மாத்திரையைக் கையில் வைத்திருக்கும் மருந்தாளுநருக்கு இந்த ஒரு பதில் போதும். வெறும் வயிற்றில் டீயோடு அதைப் போட்டுக்கொண்டு பதினோரு மணிவரை காத்திருந்தால் சர்க்கரை அளவு இறங்கி மயக்கம் வரலாம். "காலையில் ஒன்று" என்று லேபிளில் அச்சடித்து நீட்டியிருந்தால் இந்தப் பதினோரு மணி வெளியே வந்திருக்காது. "முதல் சாப்பாட்டோட சேர்த்துப் போடுங்க ஆயா" என்று சொல்லி லேபிளையும் அப்படியே மாற்றுங்கள். மயக்கம், நடுக்கம், வியர்வை வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைத் தவிருங்கள். "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றால் எல்லோரும் "ஆமா" என்பார்கள். "போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். விடுவது சகஜம் என்ற தொனி அந்தக் கேள்வியிலேயே இருப்பதால் உண்மை வெளியே வரும்.

அப்புறம், வீட்டில் வேறு என்ன சாப்பிடுகிறார் என்பதையும் கேட்டுவிடுங்கள். சென்னைக்குப் போய் வந்த உறவினர் கொண்டுவந்த மாத்திரை அட்டை, இங்கே கொடுக்கும் அதே மருந்தாக வேறு பெயரில் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் உண்டு. பாகற்காய்ச் சாறு சர்க்கரையைக் குறைக்கலாம். சுகர் மாத்திரையோடு சேரும்போது அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உலோகம் சேர்த்துச் செய்யும் சில நாட்டு மருந்துகளில் ஈயம், பாதரசம் இருந்தது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலைக்குப் பதிலாக, வேம்பைப் போலவே இருக்கும் சிரிங்கா மரத்தின் இலை வைப்பவர்களும் உண்டு. வாசலில் கட்டுவதில் கெடுதல் இல்லை. ஆனால் சிரிங்காவின் பழம் நஞ்சு, குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதையெல்லாம் கேட்கும்போது முகத்தைச் சுளிக்காதீர்கள். ஒரு முறை சுளித்தால் அடுத்த முறை சொல்லமாட்டார்கள்.

படி 4: திருப்பிச் சொல்ல வைப்பது, செய்து காட்ட வைப்பது

"புரிஞ்சுதா?" என்று கேட்பதால் பயனில்லை. "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும், வீட்டுக்குப் போய் எப்படி சாப்பிடுவீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்க" என்று கேளுங்கள். சோதனை உங்களுக்குத்தான், அவருக்கு இல்லை என்று காட்டுவது முக்கியம்.

ஆஸ்துமா பம்ப் போன்றவற்றைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வெற்று பம்ப் ஒன்றைக் கடையில் வைத்திருங்கள். குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, உதட்டால் இறுகப் பிடித்து, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து நொடி அடக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவைக்கு அரை நிமிடமாவது இடைவெளி வேண்டும். ஸ்டீராய்டு பம்ப் என்றால் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல வருடமாக பம்ப் பயன்படுத்துபவர்களிடமும் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாகச் சேராமல் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடுவது மிகச் சாதாரணம்.

குழந்தைகளின் காய்ச்சல் சிரப்புக்கு வீட்டு ஸ்பூன் வேண்டாம், அளவு ஒவ்வொன்றுக்கும் மாறும். சிரிஞ்சைக் கொடுத்து, எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்று பேனாவால் குறித்துக் கொடுங்கள்.

சுகர் எண்களிலும் ஒரு குழப்பம் உண்டு. இங்கே மீட்டர் காட்டுவது 7, 8, 12 போன்ற எண்கள். இந்திய டிவியிலும் யூடியூபிலும் சொல்வது 126, 140, 200. அளக்கும் அலகுதான் வேறு. நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அந்த எண் வரும், 7 என்றால் 126. இதைத் தெரியாமல் "எனக்கு 12தான், ரொம்பக் கம்மி" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

படி 5: விரதத்தைப் பற்றி முதலில் நீங்கள் கேளுங்கள்

இந்தப் படியை டர்பனில் வேலை செய்யும் யாரும் தாண்டிப் போகக்கூடாது. புரட்டாசி மாத விரதம், தைப்பூசக் காவடிக்கு முந்தைய விரதம், ஆடிக் கூழ், தீமிதி என்று நம் மக்களின் வருடம் முழுவதும் சாப்பாட்டு நேரம் மாறிக்கொண்டே இருக்கும். அவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய். ஆனால் விரதம் இருக்கப்போவதை டாக்டரிடம் சொல்லமாட்டார்கள், "இருக்காதே" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

விரதம் தொடங்க இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே ரிப்பீட் வாங்க வருபவரிடம் கேளுங்கள்: "இந்த வருஷம் காவடி எடுக்கிறீங்களா? ஒரு வேளை சாப்பாடா, பால் பழமா? எந்த நேரத்துக்கு சாப்பிடுவீங்க?" இறைச்சியை மட்டும் விடுபவருக்குப் பெரிய சிக்கல் இல்லை. ஒரு வேளை மட்டும் சாப்பிடுபவர் கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் அளவை மாற்ற வேண்டி வரும். எம்பாக்ளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரைகளை நீண்ட பட்டினியோடு சேர்ப்பதில் இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து இருக்கிறது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நடந்தால் மயங்கி விழலாம். இவர்களை விரதத்துக்கு முன்பே டாக்டரைப் பார்க்க வையுங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள்.

தைப்பூசம் இங்கே கடும் கோடையில் வருகிறது. வெறுங்காலோடு தார் ரோட்டில் நடக்கும்போது பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. கவுன்டருக்குப் பின்னால் இருந்து "காவடி எடுக்காதீங்க" என்று சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முந்தைய நாள் பாதத்தில் வெடிப்பு, புண் இருக்கிறதா என்று வீட்டில் யாராவது பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து மறுபடி பார்க்க வேண்டும். கொப்புளமோ காயமோ இருந்தால் அன்றைக்கே கிளினிக். அலகு குத்துபவர் ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுக்கிறாரா, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டார், வேல் ஒருவருக்கு மட்டும் பயன்படுத்தும் சுத்தமான வேல்தானா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

தீமிதியில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கேட்டோ மேனரில் பெல்லேர் சாலை ஸ்ரீ அம்பலவாணர் ஆலயத்தில் ஈஸ்டர் சமயம் தீமிதி நடக்கும். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளி நெருப்பில் இறங்கக்கூடாது. நேர்த்திக்கடனை வேறு வழியில் செலுத்தக் கோயில் குருக்களிடம் கேட்கச் சொல்லுங்கள். மறுப்போடு ஒரு வழியையும் சேர்த்துச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

படி 6: ஜெனரிக் பேச்சும் மறுப்புப் பேச்சும்

2003 முதல், பிராண்டு மருந்துக்கு ஜெனரிக் மாற்று இருந்தால் அதை நோயாளிக்குச் சொல்வது நம் சட்டக் கடமை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் "விலை கம்மி" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் தரமும் கம்மி என்று நினைத்துக்கொள்வார்கள். "உள்ளே இருக்கிற மருந்து அதேதான், அளவும் அதேதான், நிறமும் பெட்டியும்தான் வேற" என்று இரண்டு மாத்திரைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பழைய வெள்ளை மாத்திரையும் புது மஞ்சள் மாத்திரையும் வீட்டில் ஒன்றாகக் கிடந்து இரண்டையும் சாப்பிட்டுவிடாமல் இருக்க, பழையதை முடித்துவிட்டுப் புதியதைத் தொடங்கச் சொல்லுங்கள்.

போதைக்காகக் கோடீன் இருமல் சிரப் கேட்டு வரும் பையன்களுக்கு மறுப்பு சொல்லும்போது குரலைத் தாழ்த்துங்கள். வரிசையில் இருப்பவர்கள் முன்னால் அவமானப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போவான், அவ்வளவுதான். சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்பவரிடம் "குடுக்க முடியாது" என்பதோடு நிறுத்தாமல், எத்தனை நாளில் சரியாகும், எந்த அறிகுறி வந்தால் திரும்பி வரவேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

படி 7: புதிய பொறுப்புகள்

*பிரஷரும் சுகரும்.* ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கால் தரையில் படும்படி, கை இதய மட்டத்தில் இருக்கும்படி வைத்து அளவெடுங்கள். காபியோ சிகரெட்டோ முடிந்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். ஒரே அளவை வைத்து "உங்களுக்கு பிரஷர்" என்று சொல்லாதீர்கள், வேறு நாட்களில் மறுபடி பார்க்க வேண்டும். 180/110ஐத் தாண்டினால் ஓய்வு கொடுத்து மீண்டும் பாருங்கள். அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டர். நெஞ்சுவலி, பேச்சுக் குளறல், ஒரு பக்கம் பலவீனம் சேர்ந்தால் ஆம்புலன்ஸுக்கு 10177இல் அழையுங்கள்.

*தடுப்பூசி.* 2021இல் கோவிட் ஊசிக்காக மக்கள் கெமிஸ்ட் கடைக்கு வரப் பழகிவிட்டார்கள். ஃப்ளூ ஊசிக்குக் குளிர்காலத்துக்கு முன், மார்ச், ஏப்ரல் வாக்கில் வயதானவர்களுக்கு நீங்களே நினைவூட்டுங்கள். ஊசிக்கு முன் அலர்ஜி, காய்ச்சல், கர்ப்பம், இரத்தம் உறையாத மருந்து பற்றிக் கேளுங்கள். அப்புறம் 15 நிமிடம் உட்கார வையுங்கள். கடும் அலர்ஜி வந்தால் போடும் அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

*டாப்லாப் மெட்ஸ்.* அரசு மருத்துவமனை நோயாளிகளின் மாத மருந்து பொட்டலமாகக் கட்டி நம் கடைக்கு வரும் திட்டம் 2014இல் தொடங்கியது. கையெழுத்து வாங்கி நீட்டுவது சுலபம். ஆனால் அந்த நோயாளி பல மாதங்களுக்கு வேறு எந்த மருத்துவப் பணியாளரையும் பார்க்காமல் இருக்கலாம், அந்த இடைவெளியில் அவர் முகத்தைப் பார்ப்பது நீங்கள் மட்டும்தான். விட்டுப்போனது ஏதாவது உண்டா, புதிதாக மருந்து சேர்ந்ததா, உடம்பில் மாற்றம் தெரிகிறதா என்று கேளுங்கள்.

*தானே மருந்து எழுதுவது.* ஆரம்ப சுகாதார மருந்துச் சிகிச்சைப் பயிற்சியை முடித்து, சுகாதாரத் துறையின் அனுமதியும் பெற்றவர், வகுத்த சிகிச்சை வழிமுறைக்கு உட்பட்டுச் சில நோய்களைக் கண்டறிந்து மருந்து தரலாம். எச்ஐவி சிகிச்சையை மருந்தாளுநரே தொடங்கும் திட்டத்தை மருந்தியல் கவுன்சில் 2021இல் அறிவித்தபோது மருத்துவர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2023இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றமும், அதன் பிறகு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த எதிர்ப்பை ஏற்கவில்லை. வழக்கு நடந்த வருடங்களில் நோயாளிகள் கிளினிக் வரிசையில்தான் நின்றார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

எச்ஐவி பேச்சில் நம் சமூகத்தில் ஒரு தடை உண்டு, "நம்ம ஆளுங்களுக்கு அதெல்லாம் வராது" என்ற நினைப்பு. அதை உடைக்க ஒரே வழி, எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே குரலில் கேட்பது. "இங்க வர்ற எல்லார்கிட்டயும் கேட்கிறதுதான்" என்று தொடங்குங்கள். ஆபத்தான தொடர்பு நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்தால் 28 நாள் தடுப்பு மருந்தைத் தொடங்க முடியும், இங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். சிகிச்சையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இப்போது டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரைதான் சாப்பிடுகிறார்கள். அவர் நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் கேட்டு வந்தால் சும்மா எடுத்து நீட்டக்கூடாது. டோலுடெக்ராவிரை ஆன்டாசிட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போதான் சாப்பிட வேண்டும். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினோடு சேர்ந்தால் மெட்ஃபார்மின் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

படி 8: வாயைக் காப்பது

சாட்ஸ்வொர்த்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கவுன்டரில் மருந்தின் பெயரைச் சத்தமாகப் படிக்காதீர்கள். "மருந்து தயார்" என்று செய்தி அனுப்பினால் போதும், எந்த மருந்து என்று எழுதாதீர்கள், அந்தப் போன் குடும்பத்தின் பொதுப் போனாக இருக்கலாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுதாக அமலில் இருக்கிறது. 12 வயது நிரம்பியவர் கருத்தடை கேட்டு வந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டியதில்லை, ரகசியம் காக்க வேண்டும் என்று குழந்தைகள் சட்டம் சொல்கிறது. அவசரக் கருத்தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்தப் பெண் கோயிலில் நீங்கள் தினமும் பார்க்கும் ஒருவரின் மகளாக இருக்கலாம். அவளிடம் புத்திமதி பேசினால் அடுத்த முறை அவள் எங்கேயும் போகமாட்டாள். ஆனால் யாராவது அவளை வற்புறுத்தினார்களா என்பதை மட்டும் தனியாக, மெதுவாகக் கேளுங்கள்.

படி 9: டாக்டரோடும், ஒரு வாரம் கழித்து நோயாளியோடும்

டாக்டரை அழைக்கும்போது நான்கு வாக்கியம் போதும்: யார், என்ன மருந்து, என்ன சிக்கல், நீங்கள் சொல்லும் தீர்வு. கொழுப்பு மாத்திரை சிம்வாஸ்டாடினோடு பிரஷர் மாத்திரை அம்லோடிபின் சேர்ந்தால் இப்படிச் சொல்லலாம்: "டாக்டர், உங்க நோயாளி, 71 வயசு, சிம்வாஸ்டாடின் 40ல இருக்காங்க. இன்னைக்கு அம்லோடிபின் எழுதியிருக்கீங்க. ரெண்டும் சேர்ந்தா சிம்வாஸ்டாடின் 20க்கு மேல போகக்கூடாது. 20ஆக் குறைக்கலாமா, இல்ல அடோர்வாஸ்டாடினுக்கு மாத்தலாமா?" தீர்வையும் கையோடு கொண்டுபோனால் டாக்டருக்கும் முடிவெடுப்பது சுலபம்.

பேசியதை மூன்று வரியில் பதிவு செய்து வையுங்கள். புது மருந்து தொடங்கியவரை ஏழாம் நாள் போனில் கூப்பிடுங்கள். மெட்ஃபார்மின் தொடங்கியவர் என்றால் வயிறு எப்படி இருக்கிறது என்பதே முதல் கேள்வி. வயிற்றுப்போக்கு வந்ததும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுபவர்கள் அதிகம். சாப்பாட்டோடு சேர்த்தால் குறையும், பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கும் என்று சொல்லுங்கள். அடங்காவிட்டால் அளவைக் குறைப்பதா, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவதா என்று டாக்டரிடம் கேட்டு, அன்றே நோயாளிக்குத் திரும்ப அழைத்துச் சொல்லுங்கள்.